மூளைத்தண்டு: எங்கே சுரக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது?

பார்க்கின்சன் நோயைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த பெங்களூர் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை மூளைத்தண்டைச் சுற்றியே இருப்பதால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். மருந்தளவு பற்றி இங்கே சொல்வதெல்லாம் உங்கள் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காகத்தான். நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கே: நர்சிங் படிக்கிறேன். "டோபமின் மகிழ்ச்சி தரும், செரட்டோனின் நிம்மதி தரும்" என்று தேர்வில் எழுதினேன். மார்க் போடவில்லை. மூளைத்தண்டில் எந்த நியூக்ளியஸ் எதைச் சுரக்கிறது என்பதை எப்படிப் படித்தால் நினைவில் நிற்கும்?
— கல்லூரி மாணவி, அல்சூர்

ப: மகிழ்ச்சி, நிம்மதி என்கிற பட்டியலை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. டோபமின், செரட்டோனின் எல்லாம் நரம்பு செல்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் வேதிப்பொருள்கள். ஒரு வேதிப்பொருளுக்கு ஒரு குணம் என்று கிடையாது. எந்தத் திரளிலிருந்து அது புறப்படுகிறது, அதன் நார் எங்கே போய் முடிகிறது, அந்த இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ள என்ன ஏற்பி (ரிசெப்டர்) இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விடை முழுமையாகும். நியூக்ளியஸ் என்று இங்கே சொல்வது செல்லின் உட்கருவை அல்ல, நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் திரளை.

மூளைத்தண்டில் நடுமூளை, பான்ஸ், முகுளம் என்று மூன்று பகுதிகள். அந்த வரிசையில் மேலிருந்து கீழே இறங்குங்கள். நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை கண்ணுக்கே தெரியும். அதுதான் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்குள்ள டோபமின் செல்களின் நார்கள் பெருமூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்துக்குப் போகின்றன. உடல் அசைவு அந்த வழியைச் சார்ந்தது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா இருக்கிறது. இதுவும் டோபமின்தான், ஆனால் போகிற இடம் வேறு. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ், முன்மூளைப் புறணி என்று போவதால் ஆர்வம், பழக்கம், எதிர்பார்ப்பு எல்லாம் இதோடு சேர்ந்தவை. ஒரே டோபமின், பக்கத்துப் பக்கத்துத் திரள்கள், வேலை மட்டும் வேறு. இந்த ஒரு ஜோடியைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

நடுக்கோட்டிலேயே மேலிருந்து முகுளம் வரை சங்கிலிபோல இறங்குபவை ராஃபே திரள்கள். இவை செரட்டோனின். மேலே இருக்கும் டார்சல் ராஃபேவும் மீடியன் ராஃபேவும் மூளையின் மேல்பகுதிக்கு நார் அனுப்புகின்றன. கீழே இருக்கும் ராஃபே மேக்னஸ் தண்டுவடத்துக்கு அனுப்பி, வலிச் செய்தியைத் தணிக்கிறது. பான்ஸின் மேல்பகுதியில், நான்காம் வென்ட்ரிக்கிள் என்ற நீர் நிறைந்த அறையின் தரைக்குப் பக்கவாட்டு ஓரத்தில் லோகஸ் செருலியஸ் இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி. சுரப்பது நார்அட்ரினலின். நடுமூளையும் பான்ஸும் சேருமிடத்தில் இருக்கும் பெடங்குலோபான்டைன், லேட்டரோடார்சல் டெக்மென்டல் திரள்கள் இரண்டும் அசிடைல்கோலின். முகுளத்தின் முன்பக்க ஓரத்தில் சி1 என்ற சிறு கூட்டம் அட்ரினலினைத் தயாரித்து, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

எண்ணிக்கையையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் லோகஸ் செருலியஸ் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 50,000 மட்டுமே. ஆனாலும் பெருமூளைப் புறணி, சிறுமூளை, தண்டுவடம் என எல்லா இடத்துக்கும் அதன் கிளைகள் போகின்றன. இந்தச் சிறுபான்மை செல்களின் ஆட்சி அசாதாரணமானது. தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

தயாரிப்பு வழியை ஒரே கோடாக வரையுங்கள்: டைரோசின், அதிலிருந்து எல்-டோபா, அதிலிருந்து டோபமின், பிறகு நார்அட்ரினலின், கடைசியில் அட்ரினலின். நைக்ரா செல்லில் மூன்றாவது பொருளோடு தயாரிப்பு நின்றுவிடுகிறது, ஏனென்றால் அடுத்த படிக்கான டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்சைம் அங்கே இல்லை. லோகஸ் செருலியஸ் செல்லில் அது இருக்கிறது. சி1 செல்லில் அதற்கடுத்த என்சைமும் இருக்கிறது. டிரிப்டோஃபேனிலிருந்து செரட்டோனின் வரும் வழி தனி. ஏ9, ஏ10, பி7 என்று பாடப்புத்தகத்தில் வருகிற எண்களும் உங்களைக் குழப்பியிருக்கும். 1964இல் ஸ்வீடனில் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே இருவரும் எலி மூளையை ஃபார்மால்டிஹைட் ஆவியில் காட்டி, ஒளிரும் செல்களை வரைபடமாக்கியபோது இட்ட வரிசை எண்கள் அவை. நார்அட்ரினலினும் டோபமினும் பச்சையாக ஒளிர்ந்தன, அவை 'ஏ'. செரட்டோனின் மஞ்சளாக ஒளிர்ந்தது, அது 'பி'. ஏ6 லோகஸ் செருலியஸ், ஏ9 நைக்ரா, ஏ10 வென்ட்ரல் டெக்மென்டல், பி7 டார்சல் ராஃபே. இந்த நான்கு போதும்.

கே: அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன். '110' என்று போட்ட மாத்திரை தினம் மூன்று வேளை. சில நாள் நன்றாக நடக்கிறார், சில நாள் மாத்திரை போட்டும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கிறார். வாந்தி உணர்வும் இருக்கிறது. மாத்திரை போலியோ என்று சந்தேகம்.
— வாசகி, ஸ்ரீராமபுரம்

ப: போலி என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் அப்பாவின் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். மாத்திரையில் இருக்கும் லெவோடோபா (மேலே சொன்ன எல்-டோபாதான்) ஓர் அமினோ அமிலம். சிறுகுடலின் மேல்பகுதியிலும், பிறகு ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்திலும், பருப்பு, தயிர், முட்டை, கறியிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் ஏறுகிற அதே கடத்தியில்தான் இதுவும் ஏற வேண்டும். இட்லியும் கெட்டி சாம்பாரும் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால் அது போட்டியில் தோற்றுவிடும். வெறும் ரவைக் கஞ்சி குடித்த நாளில் நன்றாக ஏறும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், அல்லது சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். பாலில் வேண்டாம். புரதத்தை நிறுத்திவிடாதீர்கள், எடை குறைந்து படுத்துவிடுவார். பகலில் குறைத்து, பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறார் என்றால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். இரும்பு லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கலும் ஒரு காரணம். வயிறு மெதுவாகக் காலியானால் மாத்திரை குடலுக்கே தாமதமாகத்தான் போய்ச்சேரும்.

வாந்தி உணர்வுக்கான காரணம் அந்த '110' என்ற எண்ணிலேயே இருக்கலாம். அதில் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10 மில்லிகிராம். லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே டோபமினாக மாறிவிடாமல் தடுப்பது கார்பிடோபாவின் வேலை. அதை ஒழுங்காகச் செய்ய ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. மூன்று மாத்திரையில் அவருக்குக் கிடைப்பது 30. மிச்ச லெவோடோபா ரத்தத்திலேயே டோபமினாகி, முகுளத்தின் பின்பக்கம் இருக்கும் ஏரியா போஸ்ட்ரீமாவைத் தூண்டுகிறது. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழையாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு, வாந்தி மையமான அந்த இடத்தில் கிடையாது. அதனால்தான் குமட்டல். 100-க்கு 25 என்ற விகிதத்திலும் மாத்திரை இருக்கிறது. "கார்பிடோபா போதுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்திக்கென்று மெட்டோகுளோப்ரமைடோ, புரோகுளோர்பெரசினோ வாங்கிக் கொடுக்கவே கூடாது. தலைச்சுற்றலுக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின் மாத்திரைகளும் அப்படித்தான். இவை மூளைக்குள் போய் டோபமின் ஏற்பிகளையே அடைத்து, நடையை இன்னும் மோசமாக்கும். டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது, அதனால் டாக்டர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆரம்பத்தில் நாள் முழுவதும் தாங்கிய மாத்திரை இப்போது ஏன் தாங்கவில்லை என்றால், நோயின் தொடக்கத்தில் மிஞ்சியிருந்த நைக்ரா செல்கள் டோபமினை வாங்கிச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. நடுக்கம் வெளியே தெரியும்போதே அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கும். ஆண்டுகள் ஆக ஆகச் சேமிக்க ஆளில்லை. ரத்தத்தில் லெவோடோபாவின் அரை ஆயுள் சுமார் 90 நிமிடம்தான், அந்த ஏற்ற இறக்கம் அப்படியே காலில் தெரிகிறது. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, நடை எப்போது இளகியது, எப்போது இறுகியது. டாக்டருக்கு இதைவிட உதவியான ரிப்போர்ட் இல்லை. மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் பொடி செய்யாதீர்கள். ஆஸ்பத்திரியில் வேறு எதற்காகச் சேர்த்தாலும் இந்த மாத்திரையை மட்டும் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூடவே டோபமின்போல் வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் சேர்த்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகச் சூதாட்டம், கணக்கில்லாமல் பொருள் வாங்குவது, ஓயாமல் சாப்பிடுவது ஆகியவை தலைகாட்டினால் அது மருந்தின் வேலை. ஸ்ட்ரையேட்டத்துக்காகக் கொடுத்தது வென்ட்ரல் டெக்மென்டல் வழியின் முடிவிடங்களையும் தட்டிவிடுகிறது. அப்பாவைத் திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கே: வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே, தினம் இரண்டு சாப்பிட்டால் மனச்சோர்வு போகுமா?
— ஜாலஹள்ளி

ப: பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. உங்கள் உடம்பிலேயே செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் தயாராகிறது, அதுவும் மூளைக்குப் போவதில்லை. ராஃபே செல்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. வாழைப்பழம் பசிக்குச் சாப்பிடுங்கள்.

கே: என் 9 வயது மகளுக்கு வாந்தி. கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அன்று ராத்திரி கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது, கண் இரண்டும் மேலே செருகிக்கொண்டது, நாக்கு வெளியே தள்ளியது. நினைவு தப்பவில்லை. ஜன்னி என்று பயந்துவிட்டோம். வேறு ஊசி போட்டதும் கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. என்ன நடந்தது?
— தாய், விவேக்நகர்

ப: நீங்கள் எழுதியிருப்பது மெட்டோகுளோப்ரமைடு ஊசிக்குப் பிறகு வரும் திடீர் டிஸ்டோனியாவின், அதாவது தசை முறுக்கின், அச்சு அசலான வர்ணனை. முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிறுவர்களுக்கும் இளம்பெண்களுக்கும் அதிகம். நினைவு தப்பாமல் இருப்பதுதான் வலிப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம்.

ஏரியா போஸ்ட்ரீமாவில் இருக்கும் டி2 என்கிற டோபமின் ஏற்பிகளை அடைப்பதால் அந்த மருந்து வாந்தியை நிறுத்துகிறது. அதோடு நிற்காமல் மூளைக்குள்ளும் நுழைந்து, நைக்ராவின் நார்கள் வந்து முடியும் ஸ்ட்ரையேட்டத்திலும் அதே ஏற்பிகளை அடைத்துவிட்டது. அங்கே டோபமினும் அசிடைல்கோலினும் ஒன்றையொன்று சமன் செய்பவை. ஒன்று தடுக்கப்பட்டதும் மற்றதன் கை ஓங்கித் தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. இரண்டாவதாகப் போட்டது அசிடைல்கோலினைத் தடுக்கும் குணமுள்ள புரோமெத்தசின் போன்ற மருந்தாக இருக்கும். முதல் மருந்து உடம்பை விட்டுப் போவதற்கு முன் இரண்டாவது ஓய்ந்துவிட்டால் முறுக்கு திரும்ப வரலாம் என்பதால், ஓரிரு நாள் மாத்திரையும் தருவது வழக்கம்.

மகளின் மருத்துவ நோட்டில் முதல் பக்கத்திலேயே "மெட்டோகுளோப்ரமைடு கூடாது" என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை வாந்தி வந்தால் ஓண்டன்செட்ரான் பற்றிக் கேளுங்கள். அது 5-எச்டி3 என்ற செரட்டோனின் ஏற்பியை அடைப்பது, இந்த முறுக்கு வருவது மிக அரிது. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு 15 முதல் 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 4 மில்லிகிராம் ஒரே ஒரு முறை என்பது வழக்கமான அளவு. கொடுத்து 15 நிமிடம் கழித்து ஓ.ஆர்.எஸ். கரைசலை 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், ஓரிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்டுங்கள். டம்ளரோடு குடிக்க விட்டால் மறுபடி வாந்திதான்.

கே: 'டோபமின் விரதம்' இருந்தால் மூளை புதுப்பிக்கப்படுமா? ஒரு நாள் போன், இனிப்பு, பேச்சு எதுவும் இல்லாமல் இருக்கச் சொல்கிறார்கள்.
— கோரமங்களா

ப: நைக்ராவும் வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியாவும் விரதம் இருப்பதில்லை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் செல்கள் மெதுவாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் துடிப்பு கூடுகிறது. எதிர்பார்த்தது நடக்காவிட்டால் ஒரு கணம் குறைகிறது. போனைத் தள்ளி வைப்பது பழக்கத்தை மாற்ற உதவும், தாராளமாகச் செய்யுங்கள். பேச்சையும் சாப்பாட்டையும் நிறுத்துவதற்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை.

கே: மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் ஆரம்பித்து எட்டு நாள். குமட்டல்தான் வந்தது, மனது மாறவில்லை. நிறுத்திவிடலாமா? முதுகுவலிக்கு டிரமடாலும் வைத்திருக்கிறேன்.
— வாசகர், ஆஸ்டின் டவுன்

ப: நிறுத்தாதீர்கள். எட்டு நாளில் பலன் தெரியாதது இந்த மருந்துக்கு இயல்பு. வெளியான செரட்டோனினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சுவதை அது முதல் நாளிலேயே தடுத்துவிடுகிறது. அப்போது டார்சல் ராஃபேவில் செல் உடலைச் சுற்றியும் செரட்டோனின் சேர்கிறது. அந்தச் செல்களின் மேல் 5-எச்டி1ஏ என்ற ஏற்பிகள் இருக்கின்றன. "போதும், குறைத்துக்கொள்" என்று சொல்வதுதான் அவற்றின் வேலை. எனவே ஆரம்பத்தில் ராஃபே செல்களே தங்கள் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அந்த ஏற்பிகள் மழுங்கி, துடிப்பு பழைய நிலைக்கு வருகிறது. மருந்து தாமதிப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம் இது. நான்கு வாரமாவது பாருங்கள்.

குமட்டல் குடலிலிருந்து வருவது. சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தணிந்துவிடும். தற்கொலை எண்ணமோ, உட்கார முடியாத பரபரப்போ வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

டிரமடாலை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அதுவும் செரட்டோனினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, மனக்கலவரம், கணுக்காலை மேலே தள்ளினால் பாதம் தானாகத் துள்ளுவது எனத் தொடங்கிக் கடும் காய்ச்சல் வரை போகலாம். வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அதற்கும் இதே எச்சரிக்கைதான். சாதாரண முதுகுவலிக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனக் அடிக்கடி போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். ரத்தத் தட்டணுக்களும் செரட்டோனினைச் சேமித்து வைத்துத்தான் ரத்தத்தை உறைய வைக்கின்றன, எஸ்சிடாலோபிராம் அந்தச் சேமிப்பையும் குறைத்துவிடுகிறது.

கே: தாத்தா காலத்தில் ரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தி வேர் கொடுப்பார்களாம். நாட்டு மருந்துக் கடையில் பொடி கிடைக்கிறது. இப்போது போடும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?
— மல்லேஸ்வரம்

ப: வேண்டாம். அந்த வேர் பலமில்லாதது என்பதால் அல்ல, மிகவும் பலமானது என்பதால் சொல்கிறோம். மும்பையின் இதய நோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் மேலை நாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தில் இந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனையில் டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் மூன்றையும் சின்னச் சின்னப் பைகளுக்குள் ஏற்றி வைக்கும் பம்பை அது முடக்கிவிடுகிறது. பைக்குள் ஏறாத வேதிப்பொருள் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்பட்டு, கையிருப்பு காலியாகிறது. ரத்த அழுத்தம் இறங்குவது அதனால்தான்.

நரம்பியலுக்கு இந்த வேர் செய்த உதவி பெரியது. 1957இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் துவண்டு கிடப்பதைக் கண்டார். எல்-டோபா கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. மூளையில் டோபமினுக்குத் தனி வேலை உண்டு என்பது அங்கேதான் தெளிவானது. 1960இல் வியன்னாவில் பார்க்கின்சன் நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமின் வற்றியிருப்பதை எரிங்கரும் ஹார்னிக்கீவிச்சும் அளந்து காட்டினார்கள். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே ஸ்ரீராமபுரம் வாசகியின் அப்பா போடும் மாத்திரை இந்த வழியில் வந்ததுதான்.

மாத்திரையாகக் கொடுத்த காலத்தில் ரெசர்பினின் அளவு ஒரு மில்லிகிராமில் கால் பங்கு, அதற்கும் குறைவு. கடைப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நாடித்துடிப்பு குறைவது, மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், சிலருக்குச் சோர்வும் பார்க்கின்சன் போன்ற இறுக்கமும் என்று அது இழுத்துவிடும். மற்ற அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போதே விழ நேரிடும்.

கே: எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட். காலை எட்டரைக்கு வீடு வந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. சளி மாத்திரை போட்டால் தூங்குகிறேன். தப்பா?

ப: விழிப்பு என்பது ஒரே சுவிட்ச் இல்லை. லோகஸ் செருலியஸின் நார்அட்ரினலின், ராஃபேவின் செரட்டோனின், பெடங்குலோபான்டைனின் அசிடைல்கோலின், மூளைத்தண்டுக்குச் சற்று மேலே ஹைப்போதலாமஸில் டியூபரோமாமில்லரி திரளின் ஹிஸ்டமின் என நான்கும் சேர்ந்து மூளையை விழிக்க வைக்கின்றன. ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரு திரள் இவற்றை அடக்கும்போது தூக்கம் வருகிறது. நீங்கள் போடும் சளி மாத்திரையில் குளோர்பெனிரமின் இருக்கும். அது முக்கியமாக ஹிஸ்டமினைத் தடுக்கிறது. அதனால் தூக்கம் வந்தாலும் எழுந்த பிறகும் மந்தம் நீடிக்கும், வாய் உலரும், மறுநாள் அவுட்டர் ரிங் ரோட்டில் பைக் ஓட்டும்போது கவனம் தவறும். சளிக்கே மாத்திரை தேவைப்பட்டால் மூளைக்குள் அதிகம் போகாத ஃபெக்ஸோஃபெனடின் கேளுங்கள்.

காப்பி நேரத்தைக் கணக்குப் போடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து விழிப்புத் திரள்களைத் தணிக்கிறது. கஃபீன் அடினோசினின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம். ஒன்பதுக்குப் படுக்க வேண்டுமானால் கடைசி காப்பி இரண்டு மணியோடு சரி. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், காலை வெயில் உள்கடிகாரத்தை முடுக்கிவிடும். ஜன்னலுக்குக் கனமான திரை. வார விடுமுறையிலும் படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாதீர்கள்.

கே: குழந்தைக்கு இருமல். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய கோடீன் சிரப் இருக்கிறது. கால் ஸ்பூன் கொடுக்கலாமா?
— மர்ஃபி டவுன்

ப: கூடவே கூடாது. 12 வயதுக்குக் கீழ் கோடீன் தரக்கூடாது. கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் மிக வேகம். முகுளத்தில் பிரீ-போட்ஸிங்கர் என்ற சிறு திரள்தான் மூச்சின் தாளத்தைப் போடுகிறது. அதன் செல்களில் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே மார்ஃபின் போய் உட்கார்ந்தால் மூச்சு மெதுவாகி நின்றே போகலாம்.

கே: கணவருக்கு 61 வயது. தூக்கத்தில் யாரையோ அடிப்பதுபோல் கை வீசுகிறார், உதைக்கிறார், கத்துகிறார். எழுப்பினால் கனவைச் சொல்கிறார். பேய் பிடித்துவிட்டது என்கிறார் மாமியார்.
— ஃப்ரேசர் டவுன்

ப: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது: ஆர்.இ.எம். தூக்க நடத்தைக் கோளாறு. கனவு காணும் அந்தக் கட்டத்தில் லோகஸ் செருலியஸும் ராஃபேவும் ஏறக்குறைய மௌனமாகிவிடும். லோகஸ் செருலியஸுக்குக் கீழே இருக்கும் செருலியஸ்-அடித் திரள் குளுட்டமேட்டைக் கொண்டு முகுளத்துக்கு ஆணையிடும். முகுளமும் தண்டுவடமும் கிளைசின், காபா இரண்டையும் கொண்டு தசை நரம்புகளை வாய் மூட வைக்கும். அதனால்தான் கனவில் ஓடினாலும் கால் ஓடுவதில்லை. அவருக்கு இந்தப் பூட்டு தளர்ந்திருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை: கட்டிலிலிருந்து மெத்தையைத் தரையில் இறக்குங்கள். தலைமாட்டில் கண்ணாடி டம்ளர், டேபிள் விளக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் தனிப் படுக்கையில் படுங்கள். ஒரு நாள் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். வீடியோவோடு செய்யும் தூக்கப் பரிசோதனையில்தான் உறுதியாகும். மனச்சோர்வு மாத்திரைகளும் இதைத் தூண்டும், போடுகிறார் என்றால் சொல்லுங்கள். குறட்டையும் மூச்சுத் தடங்கலும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இதற்குத் தரும் குளோனசெபாம் அவற்றை மோசமாக்கலாம், அப்போது மெலட்டோனின்தான் முதல் தேர்வு.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு காரணமில்லாமல் இது வந்தவர்களில் பலருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பார்க்கின்சனோ அதையொத்த நோயோ வருகிறது. ஜெர்மனியின் ஆராய்ச்சியாளர் ஹைக்கோ பிராக்கின் குழு 2003இல் காட்டியபடி, பலருக்கு அந்த நோய் முகுளத்தில் தொடங்கி, லோகஸ் செருலியஸ் பகுதி வழியாக மேலேறி, பிறகுதான் நைக்ராவை எட்டுகிறது. வாசனை தெரியாமல் போனதா, நாள்பட்ட மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பியல் பரிசோதனை, தினமும் வேர்க்க விறுவிறுக்க நடை. இரண்டையும் தவறவிடாதீர்கள்.

கே: பி.யூ. கல்லூரியில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட வழி உண்டா?
— ஆசிரியை, சிவாஜிநகர்

ப: பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்களையும் மாணவர்களையும் அனுமதிக்கிறார்கள், நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். நடுமூளைத் துண்டில் அந்தக் கறுப்புப் பட்டையை நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. அது நியூரோமெலனின் என்ற நிறமி, டோபமின் செல்லில் வயதோடு சேர்வது. பார்க்கின்சன் வந்தவரின் துண்டில் பட்டை வெளிறிப்போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தால் மாணவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

வகுப்பறைக்கு ஆட்டு மூளை போதும். கடைக்காரர் வழக்கமாகத் தலையை நடுவில் பிளப்பார், மூளைத்தண்டு சிதைந்துவிடும். கழுத்துத் தண்டுவடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒட்டியிருக்க, முழுதாக எடுத்துத் தரச் சொல்லி முந்தின நாளே ஏற்பாடு செய்யுங்கள். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. மூளையின் கன அளவைப்போல் பத்து மடங்கு கரைசல் இருக்கட்டும். அடியில் கிடந்தால் தட்டையாகிவிடும், அதனால் அடிப்பக்க ரத்தக்குழாயில் நூல் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஓடும் தண்ணீரில் ஓர் இரவு கழுவி, கையுறையோடு, ஜன்னல் திறந்த அறையில் நீளமான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ரம்பம்போல் அறுத்தால் பிய்ந்துவிடும். நடுமூளையின் முதுகுப் பக்கம் தெரியும் நான்கு மேடுகளில் மேல் ஜோடியின் ஊடாக வெட்டினால் நடுமூளை, நடுவில் குண்டூசித் துளைபோல் தெரியும் கால்வாய்க்கு அடியில் டார்சல் ராஃபேயின் இடம். சிறுமூளையைக் கழற்றிவிட்டு பான்ஸின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வெட்டினால் நான்காம் வென்ட்ரிக்கிள், அதன் பக்கவாட்டு மூலை லோகஸ் செருலியஸின் இடம். ஆட்டு மூளையில் மனித மூளைபோல நைக்ராவின் கறுப்பும் லோகஸ் செருலியஸின் நீலமும் தெளிவாகத் தெரியாது என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிட்டு, இடத்தைக் குண்டூசியால் குறித்துக் காட்டுங்கள்.